பூஜைக்கு வைக்காத கரண்டி

என் வீட்டுக்காரர் கிருபாகரனுக்கு இடது கையில் மூன்று விரல்தான் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால், போன ஆயுத பூஜையன்று எங்கள் வாசலில் நடந்த கூத்து எதுவும் உங்களுக்குப் புரியாது.

எங்களுக்குக் கல்யாணமான மறு வருஷம் அது நடந்தது. அப்போது அவர் சென்னைப் பக்கம் பாடியில் தகடு அடிக்கும் கம்பெனி ஒன்றில் பிரஸ் ஆப்பரேட்டர். அன்றைக்கும் ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் மாலை போட்டு, சந்தனம் தெளித்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரி கொடுத்தாயிற்று. எல்லோரும் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, இருநூறு பீஸ் அவசரமாக வேண்டும், அரை மணி நேரம்தான் என்றாராம். இவர் மாலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மெஷினைப் போட்டார். நூற்றுச் சொச்சமாவது பீஸில் சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் நான் கத்திய கத்தலுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்.

"சாமி குடுத்த லீவ நான் எடுத்துக்கல மங்களம். அதான் அது வெரல எடுத்துகிச்சு."

மங்களம் என்பது நான்தான்.

அன்றிலிருந்து ஆயுத பூஜை என்றால் இந்த மனுஷனிடம் ஒரு பிடிவாதம். காலையில் ஸ்பானர், கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல் எல்லாவற்றையும் எண்ணெய் போட்டுத் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவார். சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டால் அவ்வளவுதான். மறுநாள் காலையில் பால் தெளித்து எடுக்கும்வரை எந்த ஆயுதத்தையும் தொட மாட்டார். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியும் தொட மாட்டார். என் கத்தியும் அரிவாள்மனையும்கூட அந்த வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் ஆயுத பூஜை மத்தியானம் எங்கள் வீட்டில் எப்போதும் கீரைதான். கீரையைக் கையாலேயே ஆய்ந்துவிடலாம் பாருங்கள்.

கம்பெனி மூடின பிறகு ஒரு பழைய குவாலிஸ் வாங்கினார். கார் இருபது வயசைத் தாண்டிவிட்டது. கொஞ்ச நாள் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றினார். அப்புறம் அன்னம்மாள் அக்காவால் எல்லாம் மாறியது.

வெள்ளானூரில் எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவள் அன்னம்மாள். ஏரிப் பக்கம் நெல் போட்ட குடும்பம். இப்போது அந்த நிலத்தில் ஃபிளாட் நிற்கிறது. சர்க்கரை வியாதியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதோடு விட்டதா என்றால், கிட்னியும் போயிற்று. மகன் கிரணுக்கு ஹைதராபாத்தில் வேலை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அம்பத்தூரில் ஒரு சென்டரில் டயாலிசிஸ். ஒரு நாள் மூன்று ஆட்டோக்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதை இவர் வாசலில் நின்று பார்த்தார். மறுநாளே நடு சீட்டில் ஒன்றைக் கழற்றி எறிந்து, அக்கா காலை நீட்டிக்கொள்ள இடம் செய்தார். இப்போது செவ்வாய், வியாழனுக்கு வேறு இரண்டு பேர் வருகிறார்கள். யார் உடம்பில் எத்தனை கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது என்பது அந்த நர்ஸைவிட இவருக்கு நன்றாகத் தெரியும். என் எடையைக் கேட்டால் தெரியாது.

இந்தத் தடவை ஆயுத பூஜை புதன்கிழமை வந்து தொலைத்தது. திங்களன்று அன்னம்மாள் அக்காவுக்குப் பாதியிலேயே பிரஷர் இறங்கி, மிஷினை நிறுத்திவிட்டார்கள். ஏறிய தண்ணீரில் முக்கால்வாசி உடம்பிலேயே நின்றுபோனது. புதனன்று கட்டாயம் வந்தாக வேண்டும், வெள்ளிவரை தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள். பூஜை என்பதால் கடைசி ஷிப்டை முன்னால் தள்ளியிருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குள் அவளைப் படுக்கையில் ஏற்றியாக வேண்டும். அதற்கு மேல் போனால் சென்டரில் ஆள் இருக்காது.

காலை எட்டு மணிக்கு இவர் வண்டியைக் கழுவ ஆரம்பித்தார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ரேடியேட்டர் தண்ணீரையும் மாற்றிவிடுவது அவர் வழக்கம். ரேடியேட்டரின் அடியில், இடது மூலையில், கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு பிளாஸ்டிக் திருகு உண்டு. பிடித்துத் திருக அதற்கு ஒரு காது இருக்கும். அதைத் திறந்தால் பழைய தண்ணீர் கீழே போய்விடும். அதற்குப் பெயர் டிரெயின் பிளக். அது அன்றைக்குத் திரும்பவே இல்லை. கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருகித்தான் திறந்தார். உள்ளேயிருந்து செங்கல் நிறத்தில் தண்ணீர் வந்தது. கூடவே வெள்ளை வெள்ளையாக உப்புச் செதில்.

செதிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் துளசி மாடத்தைப் பார்த்தேன்.

வாராவாரம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. கேன் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று எனக்கு நூறு தபா சொல்லியிருக்கிறார். குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோய் வண்டிக்கு ஊற்றுவதா? எனக்கு மனசு வரவில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிடுவேன். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அந்த உப்பு அந்தத் திருகைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நான் என்ன கண்டேன்!

திருகை மறுபடி மூடினார். டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இறுகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தண்ணீரை நிரப்பிவிட்டு எழுந்தார். அதற்கப்புறம் ஹோஸ் பைப் போட்டு வண்டி முழுக்கக் கழுவினோம். பத்தரைக்குப் பூஜை முடிந்தது. ஸ்பானர் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் போயாயிற்று. குவாலிஸுக்கு மாலை, வாழைக்கன்று, கண்ணாடியில் மூன்று பட்டை விபூதி. பூசணிக்காயும் உடைத்தாயிற்று. வண்டியை மட்டும் பூஜை முடிந்ததும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் அன்னம்மாள் அக்காவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தூக்கி வண்டியில் உட்கார வைத்து, கையில் கொஞ்சம் சுண்டல் கொடுத்தேன். அவளுக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்தது. பாதம் தலையணை மாதிரி உப்பியிருந்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வண்டி நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிவிட்டுக் கிளம்பியது. நான் வாசலைக் கூட்ட வந்தேன். தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை போன வண்டி, திரும்பி வந்து வாசலிலேயே நின்றது. இவர் இறங்கி பானெட்டைத் தூக்கினார். முகம் செத்துப் போயிருந்தது.

"இன்னாங்க ஆச்சு?"

"சூடு காட்ற முள்ளு சர்ருனு மேல போவுது. ரேடியேட்டர்ல தண்ணியே இல்ல."

குனிந்து அடியில் பார்த்தார். திருகின் காது முறிந்து போயிருந்தது. மீதித் துண்டு துளைக்குள்ளேயே விரிசல் விட்டு நின்றது. அதன் வழியாக நூலாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து இப்படித்தான் இறங்கியிருக்கிறது. யார் கவனித்தோம்? கழுவிவிட்ட வண்டி, அடியில் சொட்டச் சொட்ட நிற்கிறது. வாசல் பூராவும் நாங்களே கொட்டிய தண்ணீர். அதில் எது ரேடியேட்டர் தண்ணீர் என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

அவர் மெக்கானிக் வேம்புலிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. பின்னால் மேளச் சத்தம்.

"அண்ணாத்தே, பூஜ போட்டு கடைய சாத்திகினு மாமியார் ஊட்டுக்கு வந்துகீறேன். சாமானெல்லாம் சாமிகிட்ட கீது. நாளைக்கு காலைல மொத வேல உன்னுதுதான், சர்தானா?"

"நாளைக்கு இன்னாத்துக்குடா?" என்று போனை வைத்துவிட்டார்.

நான் செல்போனில் டாக்சி தேடினேன். ஒருவன் வருகிறேன் என்றான், வெள்ளானூர் என்றதும் ரத்து செய்தான். இன்னொருவனிடம், கால் இல்லாத அம்மா, கூட ஆள் தூக்க வேண்டும் என்று சொன்னேன். அவன் பதிலே சொல்லாமல் ரத்து செய்தான். மூன்றாமவன் போனை எடுக்கவே இல்லை. ஸ்டாண்டில் ஆட்டோ எல்லாம் மாலை போட்டு வரிசையாக நின்றன, டிரைவர் ஒருவரையும் காணோம். 108க்குச் சொன்னால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே போய், பதிந்து, மிஷின் காலியாகி ஏற்ற எவ்வளவு நேரமாகுமோ. ஒன்றே கால்வரை பார்ப்போம், முடியாவிட்டால் அதுதான் வழி என்று எனக்குள் ஒரு கெடு வைத்துக்கொண்டேன். மணி பன்னிரண்டு இருபது.

வண்டிக்குள்ளிருந்து அன்னம்மாள் அக்கா சிரித்தாள். அந்த நிலையிலும் அவள் வாய் சும்மா இருக்காது.

"பாத்தியாடி மங்களம், எனக்கு உள்ள ஏறுன தண்ணி வெளிய போவ மாட்டேங்குது. உன் ஊட்டுக்காரன் வண்டிக்கு ஊத்துன தண்ணி உள்ள நிக்க மாட்டேங்குது."

சிரித்து முடிக்குமுன் இருமல் வந்தது. இருமி ஓய்ந்தபோது உதட்டில் நிறமே இல்லை.

இவர் பின்பக்கம் ஓடினார். பாத்ரூமுக்குப் பின்னால் பெருச்சாளிப் பொந்தை அடைக்க ஒரு பழைய ரேடியேட்டரை வைத்திருந்தோம். இரண்டு வருஷத்துக்கு முன் வண்டியிலிருந்து கழற்றியது. காயலான் கடைக்குப் போடுங்கள் என்று நான் போடாத சண்டை இல்லை. அதைப் புரட்டி, அடியில் இருந்த திருகைக் கையாலேயே கழற்றி எடுத்துவந்தார். காது முழுசாக இருந்தது, வாஷரும் இருந்தது.

"ரெண்டு திருகுக்கும் ஒரே மரைதான். இது பூந்துரும்," என்றார். "உள்ள நிக்கிற துண்டு வெளிய வரணும். அதுக்குத்தான் வழி இல்ல."

"ஸ்க்ரூ டிரைவர உட்டு நோண்டினா வராதா?"

அவர் திருகை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, ஒரு உசுரு உள்ள குந்திகினு கீது. உங்க ஸ்க்ரூ டிரைவர் ரெண்டடி தூரத்துல சந்தனம் பூசிகினு கீது. சாமி வந்து இன்னா, கோச்சிக்கவா போவுது? நகருங்க, நானே எடுத்தாறேன்!"

"மங்களம்." இடது கையைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான். முப்பது வருஷமாக நான் எண்ணெய் தேய்த்துவிட்ட கை, நான் பார்க்காததா? ஆனாலும் அவர் அப்படித் தூக்கிக் காட்டியது அதுதான் முதல் தடவை. வாசற்படியில் வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அன்னம்மாள் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "கிருபா, நீ அத்த தொடாத. வேணாம்பா. நான் வெள்ளிக்கெழம வரைக்கும் தாங்கிடுவேன்," என்றாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கினாள். பொய் சொல்கிறாள் என்று தெருவில் போகிற நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும்.

இவர் திருகை பானெட் விளிம்பில் வைத்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். சாமி படத்துக்கு முன்னால் மண்டியிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஸ்க்ரூ டிரைவரை நோக்கிக் கையை நீட்டினார். அந்த மூன்று விரலும் சந்தனப் பொட்டுக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டன. சுத்தியல் இருக்கிறது, கத்தி இருக்கிறது, அரிவாள்மனை இருக்கிறது, ஊசிகூட இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பொட்டு. அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது.

"கைய எடுங்க," என்று கத்தினேன். "தொடாதீங்க! வாங்க வெளிய."

நேரே சமையலறைக்குப் போனேன். காலையில் அவருக்கு நாலு தோசை சுட்ட கரண்டி அடுப்பு மேடையில் கிடந்தது. தட்டையான இரும்புக் கரண்டி, காம்பின் நுனி ஸ்க்ரூ டிரைவர் அகலம்தான். மிக்ஸி மூடி உடைந்தபோது இதே காம்பைக் காய்ச்சிச் சொருகித்தான் அந்தத் துண்டை எடுத்தேன். எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

அவர் அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "இது... இது ஆயுதம் இல்லியா?"

"ஆயுதம்னா காலைல இதுக்கும் பொட்டு வெச்சிருப்பீங்களே! வெச்சீங்களா?"

பாவம், காம்பின் நுனியை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இத்த காய்ச்சி அந்தத் துண்டுல சொருகினா பிளாஸ்டிக் உருகிப் புடிச்சிக்கும். ஆறினப்புறம் திருகினா வந்துரும். அடியில கைய உடுங்க பாக்கலாம்," என்றேன்.

"அந்த மூலைல எடது கைதான் நொழையும்," என்றார். "வலது கை போனா கம்பி இடிக்குது. காலைல பிளேயர இந்த மூணு வெரல்ல புடிச்சிதான் கோணிகிச்சு."

நான் சேலையைத் தூக்கிச் செருகினேன். பூஜைக்குக் கட்டிய புதுச் சுங்குடிச் சேலை. வாசல் சேற்றில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்தேன். ஐம்பத்து மூன்று வயசில் இது தேவையா எனக்கு என்று வாய்விட்டே சொன்னேன். மேலே ரேடியேட்டர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

முதல் தடவை அடுப்பில் காய்ச்சி இவர் ஓடிவந்தார். காம்பைத் துண்டில் வைத்தேன், வழுக்கிக்கொண்டு போயிற்று. சமையலறையிலிருந்து வருவதற்குள் சூடு போய்விட்டது. மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

"தூபக்கால்!" என்றேன்.

சாம்பிராணி போட்ட கங்கு இன்னும் அணையவில்லை. இவர் தூபக்காலைக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்து, கொட்டாங்குச்சி உடைத்துப் போட்டு, காலண்டர் அட்டையால் விசிறினார். வெள்ளை வேட்டி எல்லாம் சாம்பல். காம்பின் நுனி சிவந்தது. ஈரத்துணி சுற்றிய பக்கத்தைப் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடைந்த துண்டின் நடுவில் அழுத்தினேன். புஸ்ஸென்று புகை வந்தது. நாற்றம் தாங்கவில்லை. கை சுட்டது. விடவில்லை.

"பாத்துமே. ரொம்ப அழுத்தினா ரேடியேட்டர் தொட்டியே வெடிச்சிடும். அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும், கம்முனு இருங்க."

"ஆறணும். நூறு எண்ணு."

நான் எண்ணினேன். நாற்பதில் அன்னம்மாள் அக்காவின் இருமல் தலைக்கு மேலே கேட்டது. அறுபதில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏங்க. இது என்னாலதான். கேன் தண்ணி ஊத்தல நான். போர் தண்ணிதான் ஊத்தினேன்."

"தெரியும்," என்றார்.

"தெரிஞ்சிகினேவா இத்தினி நாளு கம்முனு இருந்தீங்க?"

"சொன்னா சண்டைக்கு வருவ. எண்ணு."

தொண்ணூறிலேயே பொறுக்க முடியவில்லை. திருகினேன். காம்பு மட்டும் கழன்று கையோடு வந்தது. துண்டு அசையவே இல்லை. அவசரப்பட்டது நான்தான், யாரைத் திட்டுவது? கரண்டி, தோசை திருப்புகிற இலைப் பக்கம் வளைந்து போயிருந்தது. மணி பன்னிரண்டு ஐம்பது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் அந்தத் துண்டில் பிளாஸ்டிக் மீதி இருந்தது.

மறுபடி காய்ச்சினார். இந்தத் தடவை கொஞ்சம் சாய்த்து, ஆழமாக வைத்தேன். நூறு எண்ணினேன். நிறுத்தாமல் இன்னொரு ஐம்பதும் எண்ணினேன். இவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, என் கைமேல் படாமல் காம்பின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டார்.

"எந்தப் பக்கம் திருகணும்? படுத்துகினு பாத்தா எனுக்குக் கொழப்பமா கீது."

"ஊட்டுக் கொழாயத் தொறக்கிற மாரி நெனச்சிக்கோ. அதே பக்கம். மெதுவா."

குழாய் திறப்பது எனக்குத் தெரியாதா? மெதுவாகத் திருகினேன். நகரவில்லை. இன்னும் கொஞ்சம். உப்பு நொறுங்குகிற மாதிரி கரக்கென்று ஒரு சத்தம். ஐயோ, தொட்டிதான் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். கை தானாகக் கால்வட்டம் திரும்பியது. அப்புறம் அரைவட்டம். பிறகு துண்டு கரண்டியோடு கழன்று வந்து என் மார்பில் விழுந்தது. மிச்சமிருந்த துருத் தண்ணீர் மொத்தமும் என் முகத்தில்தான்.

"வந்துச்சா?" என்று இவர் கத்தினார்.

வாயில் உப்புத் தண்ணீர். துப்பிவிட்டு, "வந்துச்சு!" என்று நானும் கத்தினேன். வண்டிக்குள் அன்னம்மாள் அக்கா கை தட்டியது கேட்டது.

மரையைத் துணியால் துடைத்தேன். குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப் வீட்டில் இருந்தது. கத்தரிக்கோல் பூஜையில் இருந்ததால் இவர் பல்லால் கடித்து அறுத்தார். பழைய திருகில் சுற்றிக் கொடுத்தார். விரலாலேயே முடுக்கினேன், கை இறுக்கத்தோடு நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். வெளியே வந்து, உள்ளே போய், குடிக்கிற தண்ணீர் கேனை முழுசாகத் தூக்கிவந்தேன். இவர் புனலை எடுத்து நீட்டினார். நானே ஊற்றினேன். மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டார், குமிழ் வந்து அடங்கியது, இன்னும் ஊற்றினேன். அடியில் தரையைத் துணியால் துடைத்துவிட்டு, காய்ந்த இடத்தில் பழைய பேப்பரை விரித்துப் பார்த்தோம். ஒரு சொட்டுகூட விழவில்லை.

மணி ஒன்று பத்து. மாற்றுச் சேலைக்கு நேரமில்லை. அந்தச் சேற்றோடு நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

அதுவரை நான் அந்த வண்டியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அந்த முள்ளை ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்றைக்கு ஆவடிவரை அதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. கடைக்குக் கடை பூசணிக்காய் உடைத்து ரோடெல்லாம் வழுக்கியது. இவர் ஒவ்வொன்றையும் வளைத்து வளைத்துப் போனார். ஆவடி சிக்னலில் நின்றபோது முள் பாதியைத் தாண்டி ஒரு மயிரிழை ஏறியது. பின்னால் அக்கா பேசுவதை நிறுத்தி ரொம்ப நேரமாகியிருந்தது. "அக்கா," என்றேன். "உம்," என்றாள். முள்ளைப் பார்த்தேன். அங்கேயே நின்றது. பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் பழைய இடத்துக்கு இறங்கியது.

ஒன்று ஐம்பதுக்குச் சென்டர் வாசலில் நின்றோம். உள்ளே ஒரே ஒரு விளக்குதான் எரிந்தது. சுசீலா என்கிற நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு நின்றவள், எங்களைப் பார்த்ததும் பையைக் கழற்றினாள். "இன்னும் பத்து நிமிஷம் பார்த்திருப்பேன்மா," என்றாள். அப்புறம் என் சேலையைப் பார்த்துவிட்டு, "நீங்க எங்கயாவது விழுந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

அக்காவை ஏற்றி, ஊசி போட்டு, மிஷின் ஓட ஆரம்பித்தது. அந்தக் குழாயில் ரத்தம் சுற்றுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இவர் வராண்டா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் கொப்புளம். தன் மூன்று விரலால் அதைச் சுற்றித் தடவினார். விரல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எண்ணினார் என்று நினைக்கிறேன். நல்லவேளை, அஞ்சும் இருந்தது.

ஆறு மணிக்கு மேல் அக்கா மூன்றரை கிலோ இறங்கி வெளியே வந்தாள். வழியெல்லாம் அவள் பேச்சுதான். அவளை வீட்டில் விட்டுவிட்டு, நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் சமையலறையில் கரண்டியைக் காணோம். சாமி படத்துக்கு முன்னால், ஸ்பானருக்கும் சுத்தியலுக்கும் நடுவில், வளைந்தபடியே உட்கார்ந்திருந்தது. கரி போகத் தேய்த்திருந்தார். காம்பு முழுக்கச் சந்தனம், இலையில் குங்குமம், மேலே ஒரு சாமந்திப் பூ. சாய்ந்திருந்த பூவை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தேன்.

எட்டு மணிக்கு இவர் வந்து எட்டிப் பார்த்தார். "மங்களம், பசிக்குது. ரெண்டு தோச ஊத்தேன்."

"கரண்டி பூஜைல கீதுங்க," என்றேன். "நாளைக்கு காலைல பால் தெளிச்சப்பறம்தான் எடுக்கணும். நீங்கதான சொல்வீங்க?"

சாமி படத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு போய்ப் பொரி மூட்டையைப் பிரித்து, பொட்டுக்கடலையும் வெல்லமும் கலந்து, இரண்டு தட்டில் போட்டு எடுத்துவந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் எனக்கு வந்த முதல் ஆயுத பூஜை லீவு அது. பொரி நல்ல மொறுமொறுப்பாக இருந்தது.